பூச்சிப் பொடி செய்யத் தொடங்குகிறவர்களுக்கு: சத்து எந்தப் படியில் கசிகிறது, எங்கே பிடிப்பது

சுவர்க்கோழியை உலர்த்திப் பொடியாக்கி முதல் தடவை ஆய்வகத்துக்கு அனுப்பியபோது இரண்டு மாதிரிகள் அனுப்பினேன். ஒன்று கொதிநீரில் போட்டெடுத்து உலர்த்தியது, இன்னொன்று நேரடியாக உலர்த்தியது. முதலாவதில் புரதம் 64.5 சதவீதம், இரண்டாவதில் 63.3 சதவீதம் என்று வந்தது. கொதிநீரில் போட்டால் புரதம் கூடுகிறது என்று நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டேன். கூடவில்லை, குறைந்திருந்தது. போன புரதம் நான் தொட்டியில் வடித்துக் கொட்டிய தண்ணீரில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதமும் இன்னொரு சுற்று ஆய்வகக் கட்டணமும் ஆனது. உங்களுக்கு அது வேண்டாம்.

சுவர்க்கோழி, மாவுப்புழு, வெட்டுக்கிளி போன்றவற்றைச் சிறு அளவில் உணவுக்காகப் பதப்படுத்தத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரிப் பிராஜெக்டாகச் செய்கிறவர்களுக்கும் பயன்படும். வளர்ப்பு பற்றி இதில் எதுவும் இல்லை. உயிருள்ள பூச்சி கைக்கு வந்ததிலிருந்து பொடி பையில் ஏறும் வரை மட்டும்.

1. எந்தச் சத்துக்காகச் செய்கிறீர்கள் என்று முதலில் ஒரு வரி எழுதுங்கள்

"எந்த முறை நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். எல்லாச் சத்தையும் ஒருசேரக் காப்பாற்றும் முறை கிடையாது. ஒவ்வொரு சத்துக்கும் ஒவ்வொரு எதிரி.

புரதத்தின் அளவு சூட்டில் அவ்வளவாகக் குறையாது, தரம்தான் அடிபடும். முதலில் அடி வாங்குவது லைசின் என்ற அமினோ அமிலம். தையமின் (வைட்டமின் பி1) சூட்டுக்கும் தோற்கும், தண்ணீரிலும் கரைந்துபோகும். ரைபோஃபிளேவினுக்கு (வைட்டமின் பி2) வெளிச்சம் ஆகாது. பி12 சூட்டை ஓரளவு தாங்கும், ஆனால் தண்ணீரோடு போய்விடும். வைட்டமின் ஏ, இ இரண்டுக்கும் காற்றும் வெளிச்சமும் எதிரி. ஒமேகா-3 போன்ற நிறைவுறாக் கொழுப்புகளும் காற்றுப்பட்டால் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்கள் எந்தச் சூட்டிலும் அழியாது. கொதிநீரில் கரைந்தோ, சலிக்கும்போது ஓட்டோடு சேர்ந்தோதான் அவை வெளியேறும்.

கால்சியத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சுவர்க்கோழியிலும் மாவுப்புழுவிலும் அது ஆரம்பத்திலேயே குறைவு, பாஸ்பரஸ் அதிகம். எப்படிப் பதப்படுத்தினாலும் இந்தக் குறை தீராது. "கால்சியம் நிறைந்தது" என்று பையில் அச்சடிக்கும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

ஆக, "குழந்தைகளுக்கான சத்துமாவில் புரதத் தரம் முக்கியம்" என்றோ "இரும்பும் துத்தநாகமும் முக்கியம்" என்றோ ஒரு வரி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

2. ஈட்டுப் பதிவேடு

ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு ஈட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் பதப்படுத்தும் பூச்சிக்கும், ஒரு பக்கம். அதில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்: பூச்சியின் இனம், வயது, கடைசி வாரம் தின்ற தீவனம், பட்டினி போட்ட மணி நேரம், உயிர் எடை, கொன்ற முறை, தண்ணீரின் அளவு, வெப்பநிலை, நிமிடம், வடித்த பிறகு எடை, உலர்த்திய வெப்பநிலை, மணி நேரம், கடைசி எடை.

இதில் எல்லோரும் விட்டுவிடுவது கடைசி எடையை. பொடி கையில் வந்த சந்தோஷத்தில் அளக்காமல் டப்பாவில் கொட்டிவிடுவோம். அந்த ஒரு எண் இல்லையென்றால் 10-ஆம் படியில் சொல்லும் கணக்கைப் போடவே முடியாது. கடைசி எடை போடாத நான்கு ஈடுகளின் அறிக்கைகள் எனக்கு அப்படித்தான் வீணாயின.

தீவனத்தை எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பூச்சியின் கொழுப்பு அமிலங்கள் பெரிதும் அது தின்றதைப் பொறுத்தவை. ஆளிவிதை கலந்த தீவனம் தின்ற பூச்சியில் ஒமேகா-3 கூடும். தீவனம் மாறியதால் வந்த வித்தியாசத்தை உலர்த்தும் முறையின் தலையில் கட்டிவிடாமல் இருக்க இந்தப் பதிவு வேண்டும்.

3. பட்டினி: குறைந்தது 24 மணி நேரம்

குடலில் இருக்கும் தீவனமும் கழிவும் வெளியேறத்தான் இந்தப் பட்டினி. ஐரோப்பிய ஒன்றியம் உணவாக அனுமதித்த பூச்சிகளுக்கும் கொல்வதற்கு முன் குறைந்தது 24 மணி நேரப் பட்டினி என்பது செய்முறை விவரத்திலேயே இருக்கிறது.

நீட்டிக்கொண்டே போகாதீர்கள். பட்டினி கிடக்கும் சுவர்க்கோழிகள் ஒன்றையொன்று கடித்துத் தின்னும், உடம்பின் சேமிப்பும் கரையும். இன்னொரு விஷயம்: கேரட், கீரை கொடுத்து வளர்த்த பூச்சியில் தெரியும் கரோட்டீனில் ஒரு பங்கு குடலில் இருக்கும் உணவிலிருந்து வருவது. பட்டினிக்குப் பிறகு அது குறைவது இயல்பு. பட்டினிக்கு முன் எடுத்த மாதிரியைப் பொடியோடு ஒப்பிட்டால் உலர்த்தல்தான் கரோட்டீனைக் கொன்றது என்று தவறாக முடிவு செய்வீர்கள். ஒப்பீட்டுக்கான பச்சை மாதிரியைப் பட்டினி முடிந்த பிறகே எடுங்கள்.

4. கொல்லும் முறை: யாரும் கண்டுகொள்ளாத படி

இந்தப் படியை நான் சாதாரணமாக நினைத்தேன். நான்கு கிலோ சுவர்க்கோழியை ஒரே பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பையைப் பிளந்தால் ஓரமெல்லாம் கல்லாக இறுகியிருக்கிறது, நடுவில் கையை விட்டால் மெத்தென்று இருக்கிறது. ஒன்றிரண்டு கால்கள் மெதுவாக அசைந்தன. அதை அப்படியே கரைத்து அரைத்தேன். பத்து நிமிடத்தில் விழுது பழுப்பாகி, அரை மணியில் ஏறக்குறைய கறுத்துவிட்டது.

காரணம் இதுதான். பூச்சியின் உடம்பில் ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. பூச்சிக்குக் காயம் பட்டால் அந்த இடத்தைக் கறுக்க வைத்து மூடுவது அதன் வேலை. செத்த பிறகும் நொதி வேலையை நிறுத்தாது. அரைக்கும்போது காற்று சேர்ந்தால் அது உண்டாக்கும் குயினோன் என்ற வேதிப்பொருள்கள் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. நிறம் கெடுவது கண்ணுக்குத் தெரிகிறது, லைசின் போன்ற அமினோ அமிலங்கள் மாட்டிக்கொள்வதும் புரதம் கரையும் திறன் குறைவதும் தெரிவதில்லை. கொழுப்பை உடைக்கும் லைபேஸ் நொதியும் இதேபோலத்தான். மெதுவாக உறைந்த பூச்சியில் அது தொடர்ந்து வேலை செய்து தனிக் கொழுப்பு அமிலங்களை ஏற்றிவிடும். உறைய வைத்த மாதிரிகளில் கொதிநீரில் கொன்றவற்றைவிட அவை அதிகம் இருப்பது கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவில் தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. உறைய வைப்பதாக இருந்தால் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். உறைந்ததைக் கரைய விடாமல் அப்படியே கொதிநீருக்குக் கொண்டு போங்கள். ஃப்ரீசருக்கும் கொதிநீருக்கும் நடுவில் மேசையில் கிடக்கும் நேரம்தான் உங்கள் பொடியின் நிறத்தைத் தீர்மானிக்கும்.

செத்த பூச்சியை அறை வெப்பநிலையில் போட்டு வைப்பதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கிருமிகள் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பொரித்த பூச்சி தின்று ஹிஸ்டமின் விஷத்தால் ஆட்கள் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஒருமுறை உருவான ஹிஸ்டமின் எவ்வளவு பொரித்தாலும் போகாது. "நன்றாக வறுத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

5. கொதிநீரா, ஆவியா?

நொதிகளை நிறுத்தவும் கிருமிகளைக் குறைக்கவும் இந்தப் படி தேவை. கொதிக்கும் தண்ணீரில் ஒன்றிலிருந்து ஐந்து நிமிடம் என்பது பொதுவான வழக்கம். இதைத் தவிர்க்கும் எண்ணம் வேண்டாம்.

ஆனால் இங்கேதான் தண்ணீரில் கரையும் எல்லாம் போகிறது: பி வைட்டமின்கள், பொட்டாசியம், தனி அமினோ அமிலங்கள், கொஞ்சம் கரையும் புரதம். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், பூச்சி முழுசா நறுக்கியதா என்பதைப் பொறுத்து இழப்பு கூடும் குறையும். என் முதல் ஈட்டில் ஐந்து நிமிடம் போட்டேன், நிறையத் தண்ணீர் விட்டேன். வடித்த தண்ணீர் மங்கலான மஞ்சளாக, சூப் வாசனையோடு இருந்தது. அந்த வாசனையே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இழப்பைக் குறைக்க மூன்று வழிகள்:

பூச்சி முழுசாக இருக்கும்போதே போடுங்கள், அரைத்த பிறகோ நறுக்கிய பிறகோ வேண்டாம்.

நேரத்தைத் தண்ணீர் மீண்டும் கொதி வந்ததிலிருந்து எண்ணுங்கள். உறைந்த பூச்சியைக் கொட்டினால் தண்ணீரின் சூடு சட்டென்று இறங்கும். அந்த நேரத்தையும் சேர்த்து எண்ணிவிட்டு "ஐந்து நிமிடம் போட்டேன்" என்றால் உள்ளே வெந்திருக்காது. அதனால் ஒரு ஈட்டுக்குக் கொஞ்சமாகப் போடுங்கள்.

முடிந்தால் ஆவியில் அவியுங்கள். கரைந்து போவதற்குத் தண்ணீரே இல்லாததால் இழப்பு குறைவு. தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டியிருப்பதால் வேலை கொஞ்சம் கூடும்.

எச்சரிக்கை: கொதிநீர் பேசில்லஸ் சீரியஸ் போன்ற கிருமிகளின் வித்துகளைக் கொல்லாது. அவித்ததைக் குவியலாக ஆற விட்டால் அந்த வித்துகள் முளைக்கும். பரப்பி ஆற்றி, உடனே உலர்த்தியில் ஏற்றுங்கள். அவிப்பது ஒரு நாள், உலர்த்துவது மறுநாள் என்று திட்டம் போடாதீர்கள்.

இன்னொன்று. இனம் மாறினால் விதியும் மாறும். ஆப்பிரிக்காவில் உண்ணப்படும் அனாஃபே என்ற காட்டுப் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவில் தையமினை உடைக்கும் நொதி இருக்கிறது, அது சூட்டையும் ஓரளவு தாங்கும். நைஜீரியாவில் சீசன்தோறும் வந்த தள்ளாட்ட நோயை அதோடு தொடர்புபடுத்தினார்கள். அங்கே வைட்டமின் போய்விடுமே என்று அரை வேக்காட்டில் எடுப்பது தலைகீழான வேலை. நன்றாக வேகத்தான் வேண்டும். ஓர் இனத்துக்கு எழுதிய செய்முறையை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிப் போடாதீர்கள்.

6. உலர்த்துவது: காசும் நேரமும் போகும் இடம்

முதலில் கணக்கு. சுவர்க்கோழியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். பத்து கிலோவை 5 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்தால் கையில் மிஞ்சுவது 3.16 கிலோ. ஆக, 6.84 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2.3 மெகாஜூல். எல்லாம் சேர்த்தால் 4 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். நேரடியாகச் சூடாக்கி உலர்த்தினால் இதற்குக் குறைந்து முடியவே முடியாது. சூடான காற்றில் உலர்த்தும் பெட்டியில் பாதிச் சூடு வெளியே போகும், நடைமுறையில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். உறைநிலை உலர்த்தியில் குளிரூட்டலும் வெற்றிடப் பம்பும் சேர்வதால் இன்னும் எகிறும். எந்திரத்தின் விலையைப் பார்க்கும் முன் மின்கட்டணத்தைப் போட்டுப் பாருங்கள்.

சூடான காற்று, 60 முதல் 80 டிகிரி செல்சியஸ்: தட்டின் தடிமனைப் பொறுத்து எட்டு மணியிலிருந்து ஒரு நாள் வரை. செலவு குறைவு. நீண்ட நேரம் சூட்டில் கிடப்பதால் தையமினும் கொழுப்பும் அடி வாங்கும். 60 டிகிரிக்குக் கீழே போனால் சத்து மிஞ்சும் என்று தோன்றும். ஆனால் ஈரம் நீண்ட நேரம் தங்கி, கிருமி பெருக இடம் கொடுத்துவிடும்.

உறைநிலை உலர்த்தல்: ஒன்றிரண்டு நாள் ஆகும். நிறமும் வடிவமும் அழகாக இருக்கும், சூட்டில் கெடும் வைட்டமின்கள் நன்றாகத் தங்கும். "இதுதான் உச்சம்" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பி, தெரிந்தவர் ஒருவரின் எந்திரத்தில் கெஞ்சி இடம் வாங்கி மாவுப்புழு உலர்த்தினேன். பஞ்சுபோல் வந்தது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மேசைமேல் அழகுக்கு வைத்தேன். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் பழைய எண்ணெயின் சிக்கு வாடை. தண்ணீர் பனிக்கட்டியாக இருந்து நேராக ஆவியாகும்போது உள்ளே ஆயிரம் துளைகளை விட்டுப் போகிறது. அந்தத் துளை வழியே காற்று கொழுப்பைத் தேடிப் போகிறது. மாவுப்புழுவின் உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் கொழுப்பு வேறு. வைட்டமினைக் காப்பாற்ற வாங்கிய முறை கொழுப்பைக் கெடுத்துவிட்டது. உறைநிலையில் உலர்த்துவதாக இருந்தால் காற்றுப் புகாத பையையும் அதே நாளில் தயாராக வைத்திருங்கள்.

மைக்ரோவேவ்: நிமிடக் கணக்கில் முடியும். தட்டின் ஒரு மூலை கருகி இன்னொரு மூலை ஈரமாக இருப்பதுதான் தலைவலி. சிறு அளவில் பரிசோதிக்கலாம், அவ்வளவுதான்.

வெயில்: மின்கட்டணம் இல்லை. தூசி, ஈ, வெளிச்சம், மேகம் எல்லாம் உண்டு. ரைபோஃபிளேவினும் வைட்டமின் ஏ-யும் முக்கியம் என்றால் வேண்டாம். பூச்சிக்குப் புற ஊதாக் கதிர் காட்டினால் வைட்டமின் டி கூடும் என்பது உண்மை. ஆனால் அது அளந்து கொடுக்கும் சிகிச்சை, மொட்டைமாடித் தட்டு வேலை அல்ல.

எப்போது நிறுத்துவது? கையில் நொறுங்குகிறதே என்று எடுத்துவிடாதீர்கள், வெளியே நொறுங்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஒரு மணி இடைவெளியில் இரண்டு முறை எடை போட்டு, வித்தியாசம் இல்லாதபோது எடுங்கள். வாட்டர் ஆக்டிவிட்டி, அதாவது கிருமிக்குப் பயன்படக்கூடிய ஈரம் எவ்வளவு என்பதை அளக்கும் கருவி இரவல் கிடைத்தால் 0.6-க்குக் கீழே இருக்கிறதா பாருங்கள், அதற்குக் கீழே எந்தக் கிருமியும் பூஞ்சையும் வளராது. ரொம்பவும் உலர்த்தினாலும் கொழுப்பு வேகமாகக் கெடும். 0.2 முதல் 0.4 வரை நல்ல இடம்.

7. வறுப்பதும் பொரிப்பதும்

ருசிக்காகச் செய்வது, தவறில்லை. ஆனால் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும்போது லைசின், சர்க்கரையோடும் கெட்ட கொழுப்பிலிருந்து வரும் ஆல்டிஹைடுகளோடும் ஒட்டிக்கொண்டு உடலுக்குக் கிடைக்காமல் போகிறது. மிதமான சூடு புரதத்தின் மடிப்பைப் பிரித்துச் செரிமானத்துக்கு உதவும், கூடுதல் சூடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அதையே கெடுக்கும். இந்த எல்லைக்கோடு பூச்சிக்குப் பூச்சி மாறும்.

பொரிப்பதில் தண்ணீர் வெளியேறும் இடத்தில் எண்ணெய் ஏறுகிறது. புரதச் சதவீதம் தானாக இறங்கும், பூச்சியின் சொந்தக் கொழுப்பு அமிலங்களைப் பற்றிப் பேசுவதிலும் அப்புறம் அர்த்தமில்லை.

பெரிய வெட்டுக்கிளி என்றால் பொரிக்கும் முன் காலையும் இறக்கையையும் கிள்ளிவிடுங்கள். காலின் முட்கள் குடலில் அடைத்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு.

8. அரைப்பது, சலிப்பது, எண்ணெய் எடுப்பது

அரைத்ததும் பரப்பு பெருகும், காற்று பிடிக்கும். முழுப் பூச்சியாகச் சேமித்து, தேவைப்படும்போது அரைப்பது நல்லது. அரவை எந்திரத்தின் இரும்புப் பற்கள் தேய்ந்து பொடியில் கலந்தால் அறிக்கையில் இரும்புச் சத்து தாறுமாறாக ஏறும். என் இரண்டாவது சுற்றில் இரும்பு கூடியிருந்ததைப் பார்த்துப் பூரித்துப் போனேன், அப்புறம்தான் பிளேடைப் பார்த்தேன். பச்சை மாதிரியையும் அதே எந்திரத்தில் அரைத்து அனுப்பினால் இந்தக் குழப்பம் வராது.

சலித்தால் சல்லடையில் நிற்கும் கப்பியில் ஓடு, அதாவது கைட்டின், அதிகம். அதைத் தூக்கிப் போட்டால் பொடி மிருதுவாகும், நார்ச்சத்து குறையும். ஓட்டோடு பிணைந்த புரதமும் கொஞ்சம் தாதுவும் சேர்ந்தே போகும். கப்பியையும் எடை போட்டு எழுதுங்கள்.

எண்ணெய் எடுத்தால் புரதச் சதவீதம் பளிச்சென்று ஏறும், பொடி நெடுநாள் கெடாமலும் இருக்கும். கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் எண்ணெயோடு போய்விடும். செக்கில் பிழிவது சிறு அளவுக்குப் போதும், ஹெக்சேன் போன்ற கரைப்பான் பக்கம் வீட்டளவில் போகவே போகாதீர்கள்.

காகித வேலை ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. பல இடங்களில் பூச்சி உணவுக்கான அனுமதி இனத்துக்கு மட்டுமல்ல, வடிவத்துக்கும் சேர்த்தே தரப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சுவர்க்கோழிக்கு 2022-இல் உறைந்தது, உலர்ந்தது, பொடி என்ற வடிவங்களுக்கு அனுமதி வந்தது. பகுதிக் கொழுப்பு நீக்கிய பொடிக்கு 2023-இல் தனியாக வந்தது. புற ஊதாக் கதிர் காட்டிய மாவுப்புழுப் பொடிக்கு 2025-இல் இன்னொன்று. செக்கு வாங்கும் முன் நீங்கள் விற்கப் போகும் இடத்தின் உணவு விதியைப் படியுங்கள். செய்முறையை மாற்றினால் மறுபடி விண்ணப்பம் போட வேண்டியிருக்கலாம்.

9. ஆய்வகத்துக்கு அனுப்புவது

பணம் போகும் இரண்டாவது இடம். ஐஎஸ்ஓ 17025 (ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலை) அங்கீகாரம் உள்ள ஆய்வகமா என்று பாருங்கள், அதிலும் உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த அங்கீகாரத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் மாதிரி அனுப்பிய ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருந்தது, நான் கேட்ட சோதனைக்கு இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். முதல் சுற்றில் ஈரப்பதம், சாம்பல் (எரித்த பிறகு மிஞ்சும் தாது), நைட்ரஜன், கொழுப்பு. இவை மலிவு, சில நாளில் வந்துவிடும். இவை சரியாக இருந்தால்தான் இரண்டாவது சுற்று: அமினோ அமிலங்கள், வைட்டமின்கள். அமினோ அமிலச் சோதனையில் மாதிரியை அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வேகவைப்பதே ஒரு நாளைத் தின்னும், விலையும் அதிகம்.

விண்ணப்பப் படிவத்தில் இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

முடிவு எந்த அடிப்படையில்? "வந்த நிலையில்" (ஈரத்தோடு சேர்த்து) என்றும் "உலர் எடையில்" (ஈரத்தைக் கழித்து) என்றும் இரண்டு விதம். பச்சைப் பூச்சியில் 20 சதவீதம் புரதம், பொடியில் 63 சதவீதம் என்று பார்த்து மூன்று மடங்கு கூடிவிட்டது என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போனது தண்ணீர் மட்டும்தான்.

நைட்ரஜனை எதால் பெருக்கினார்கள்? ஆய்வகம் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து ஓர் எண்ணால் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறது. வழக்கம் 6.25. ஆனால் பூச்சியின் கைட்டினிலும் நைட்ரஜன் இருக்கிறது, அதுவும் புரதமாக எண்ணப்பட்டுவிடும். புழு வகைகளுக்கு 4.76, சுவர்க்கோழிக்கு 5.3-ஐ ஒட்டிய எண் என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் 64.5 சதவீதத்தை 6.25-ஆல் வகுத்தால் நைட்ரஜன் 10.32. அதை 5.33-ஆல் பெருக்கினால் புரதம் 55 சதவீதம்தான். லேபிள் விதி 6.25-ஐக் கேட்டால் லேபிளில் அதைப் போடுங்கள், ஐரோப்பிய விதி அப்படித்தான். உங்கள் கணக்கில் உண்மையை வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் நைட்ரஜன் எண்ணையும் தனியாக அச்சடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் எந்த எண்ணால் வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம்.

டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்துக்குத் தனியாகச் சோதனை உண்டா? வழக்கமான அமில முறையில் அது அழிந்துவிடும், காரத்தில் தனியாகச் செய்ய வேண்டும். அறிக்கையில் அது இல்லையென்றால் பூச்சியில் இல்லை என்று பொருள் அல்ல.

"கிடைக்கக்கூடிய லைசின்" செய்வார்களா? வறுத்த மாதிரிக்கு இது அவசியம். சூட்டில் சிக்கிய லைசினில் ஒரு பங்கை அமிலச் சோதனை மறுபடி விடுவித்துவிடும். அறிக்கையில் லைசின் குறையாமல் தெரியும், உடலுக்கோ கிடைக்காது.

கொழுப்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு, அனிசிடின் எண்கள் இரண்டையும் கேளுங்கள். பெராக்சைடு முதலில் ஏறி, பின்னால் உடைந்து இறங்கும். நன்றாகக் கெட்ட எண்ணெய்கூட அந்த ஒரு எண்ணில் நல்லபிள்ளையாகத் தெரியும்.

பாதுகாப்புக்கு: சால்மொனெல்லா, என்டெரோபாக்டீரியா, பேசில்லஸ் சீரியஸ், கன உலோகங்கள். காட்மியம் மாவுப்புழுவில் சேரக்கூடியது. உலர்த்தினால் சத்தோடு அதுவும் செறிவாகும்.

10. எஞ்சிய சத்துக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி எடையைக் கடைசிச் சதவீதத்தால் பெருக்குங்கள். ஆரம்ப எடையை ஆரம்பச் சதவீதத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் எவ்வளவு மிஞ்சியது என்று தெரியும். இரண்டு சதவீதமும் வந்த நிலையில் கணக்கிட்டதாக இருக்க வேண்டும்.

என் நோட்டிலிருந்து: இரண்டு மாதிரிக்கும் ஆரம்பம் ஒரு கிலோ பச்சைப் பூச்சி, புரதம் 20 சதவீதம், அதாவது 200 கிராம். நேரடியாக உலர்த்தியதில் 316 கிராம் பொடி, 63.3 சதவீதம், அதே 200 கிராம். கொதிநீரில் போட்டதில் 295 கிராம் பொடி, 64.5 சதவீதம், 190 கிராம். சதவீதம் ஏறியிருக்கிறது, 10 கிராம் காணோம். புரதமல்லாத பிறவும் தண்ணீரில் கரைந்து போனதால்தான் மிஞ்சியதில் புரதத்தின் பங்கு பெரிதாகத் தெரிந்தது.

அதற்காக அவிக்கும் படியையே நான் விட்டுவிடவில்லை. நொதியும் கிருமியும் இருக்கின்றனவே. ஆவிக்கு மாறினேன், நேரத்தைக் குறைத்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்தக் கணக்கை மறுபடி போட்டேன். வைட்டமினுக்கும் தாதுக்கும் இதே சூத்திரம்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

11. பையில் போட்ட பிறகு

ஒளி புகாத, காற்றுப் புகாத பை. வெற்றிடமாக்கி மூட முடியாவிட்டால் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் போடுங்கள். கண்ணாடிப் பாட்டிலைக் கண்காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இடம் போதும்.

பையில் ஒவ்வாமை எச்சரிக்கை கட்டாயம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வீட்டுத்தூசி உண்ணி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பூச்சிப் புரதம் ஆபத்தாகலாம். டிரோபோமயோசின் என்ற புரதம் இவை எல்லாவற்றிலும் ஒரே சாயலில் இருப்பது முக்கியக் காரணம். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் நான்கு சிறு பைகளை எடுத்து ஒதுக்கி, ஈட்டு எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஒவ்வொன்றைப் பிரித்து முகர்ந்து பார்த்து, பெராக்சைடும் அனிசிடினும் மட்டும் மறுபடி செய்யுங்கள். நான்காவது பையைத் தொடாதீர்கள், யாராவது ஏதாவது புகார் சொல்லும்போது அதுதான் கையில் இருக்கும் ஒரே சாட்சி.